லேஸ்யாவின் ஊர்

தாய்சா பதினொரு வருடம் பின்ஸ்க் நகரின் வட்டாரப் பத்திரிகையில் உருளைக்கிழங்கு விளைச்சலையும் பள்ளிக்கூடத் திறப்பு விழாக்களையும் எழுதியவள். ஒரு ஆகஸ்டில், அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போலீஸிடம் அடிபட்டவர்களின் பெயர்களை எழுதினாள். அடுத்த மாதமே எல்லை தாண்டி லிதுவேனியாவின் வில்னியூஸுக்கு வர வேண்டியதாயிற்று. அங்கே, தன் நாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் நடத்தும் செய்தித்தளத்தில் வேறு பெயரில் எழுதத் தொடங்கினாள். மகள் லிதுவேனியாவில் மீன் தொழிற்சாலையில் டின் அடைக்கிறாள் என்று பின்ஸ்கில் இருந்த அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

அலுவலகத்தில் யாரும் யாருடைய சொந்தப் பெயரையும் கேட்பதில்லை. யாரும் ஒட்டுக்கேட்காதிருக்க, கூட்டம் தொடங்குமுன் கைபேசிகளை எல்லாம் சமையலறைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஆறு வாரத்துக்கு முன் சேர்ந்த லேஸ்யா மட்டும் இரண்டு முறை கூட்டத்தின் நடுவில் எழுந்துபோய்த் தன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். தாய்சா அதைக் குறித்துக்கொண்டாள்.

நாட்டின் மறுகோடியில் இருக்கும் மகிலியோவிலிருந்து வருவதாக லேஸ்யா சொல்லியிருந்தாள். ஒருநாள் மதியம் தாய்சா சூப்பைச் சுட வைத்தபோது லேஸ்யா கதவோரம் வந்து நின்றாள்.

"அயிரைக் கருவாடா? குச்சியில கோத்து விப்பாங்களே, அதுதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கயோ சாப்பிட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவசரமாக நகர்ந்தாள்.

மகிலியோவில் அதை யார் கோத்து விற்கிறார்கள்? அது பின்ஸ்க் சந்தைச் சரக்கு. சொந்த ஊரை மறைக்கிறவள் எதற்கு இங்கே வந்திருக்கிறாள்? நாட்டுக்குள்ளிருந்து ரகசியமாகச் செய்தி அனுப்பும் பதினேழு பேரின் விவரத்தை அடுத்த வாரம் லேஸ்யாவிடம் ஒப்படைக்கப்போவதாக தளத்தின் ஆசிரியர் விட்டாவுத் சொல்லியிருந்தார். தாய்சாவுக்குத் தூக்கம் கெட்டது.

விட்டாவுத்திடம் சொன்னாள்.

"நான் விசாரிச்சுட்டுதான் எடுத்தேன்," என்றார் அவர்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அந்த ஆளு மூணே மாசத்துல அரசாங்க டிவியில உக்காந்து நம்மளப் பத்தி உளறினான்."

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் விசாரித்தது போதவில்லை தாய்சாவுக்கு. பிறந்தநாள் கொண்டாட்டம் ஒன்றில் எடுத்த படத்தை, பின்ஸ்கில் இருந்த பழைய சகா கசிமிருக்கு அனுப்பினாள். ஓய்வுபெற்றவர், வாய் இறுக்கமானவர். 'இவளைத் தெரியுமா?' என்று மட்டும் கேட்டிருந்தாள். படத்தில் லேஸ்யாவின் தோளுக்குப் பின்னால் தளத்தின் பெயர்ப்பலகை பாதி தெரிந்தது. தினமும் பிறர் படங்களில் அடையாளம் காட்டும் ஓரங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறவள், அன்று வெட்டவில்லை.

கசிமிருக்கு அவளைத் தெரியவில்லை. சந்தையில் கருவாடு விற்கும் பெண்ணிடம் படத்தைக் காட்டினார். அவள் அதைத் தன் கைபேசியில் வாங்கிப் பக்கத்துக் கடைக்காரிக்கும் அனுப்பினாள். மூன்றாம் நாள் தாய்சாவுக்குப் பதில் வந்தது. 'நம்ம ஊர்ப் பொண்ணுதான். அண்ணன் நீச்சல் குளத்துல பயிற்சி குடுக்கறான். தங்கச்சி போலந்துல குழந்தை பாத்துக்கறதா சொல்லிட்டிருந்தானாம்.'

தாய்சா அதை இரண்டு முறை படித்தாள். மீன் டின் அடைக்கும் மகளும், குழந்தை பார்த்துக்கொள்ளும் தங்கையும். இரண்டும் ஒரே காரணத்துக்குச் சொன்ன பொய்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் விட்டாவுத் உட்காராமலே பேசினார். "நேத்து காலையில லேஸ்யாவோட அண்ணன் வீட்டுக்கு ரகசியப் போலீஸ் நாலு பேர் போயிருக்காங்க. கையில ஒரு படம். இந்த ரூம்ல எடுத்தது. அவனைக் கூட்டிட்டுப் போய்ச் சாயங்காலம்தான் விட்டாங்களாம், திங்கக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. யார் அனுப்பினது?"

ஒவ்வொருவராக, வசந்தத்தில் சேர்ந்த ஒளிப்பதிவாளன் பஹ்தான் பக்கம் திரும்பினார்கள்.

"ஏன் என்னையே பாக்கறீங்க? நான் எடுத்த படத்துல யாருக்காவது மூஞ்சி தெளிவா விழுந்திருக்கா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பஹ்தானுக்குக் காது சிவந்தது. பேசாமலிருந்தால் பழி அவன் மேலேயே தங்கிவிடும் என்பது தாய்சாவுக்குத் தெரிந்தது. பேசினால் வேலை போகும். வேலை போனால் இந்த ஊரில் தங்கும் அனுமதியும் போகும். அம்மா இருக்கும் ஊருக்கோ திரும்ப முடியாது.

"நான்தான் அனுப்பினேன்," என்றாள். "அவங்க ஆளுக்கு இல்ல. இவ யாருன்னு விசாரிக்க."

விட்டாவுத் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். "இந்த வேலையை அவங்களே இவ்வளவு சுத்தமா செஞ்சிருக்க மாட்டாங்க, தாய்சா."

லேஸ்யா மேசையைப் பார்த்தபடியே கேட்டாள். "அண்ணிக்கு இது எட்டாவது மாசம். அதுக்குத்தான் ரெண்டு தடவை போனை எடுத்துப் பாத்தேன். என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா பொய்தானே சொல்லியிருப்பே."

லேஸ்யா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. சொல்லியிருப்பேன்."

தாய்சாவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. இனிமேல் மொழிபெயர்ப்பு மட்டும், நாட்டுக்குள் யாரோடும் தொடர்பு கூடாது என்று விட்டாவுத் முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை லேஸ்யாவின் அண்ணனும் அண்ணியும் இரண்டு பைகளோடு எல்லை தாண்டினார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் பஹ்தானிடமிருந்துதான் அது தாய்சாவுக்குத் தெரியவந்தது. எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டான்.