வேனுக்குள் காய்ந்த துணிகள்

போன வாரம் சேலத்திலிருந்து மகளின் காரில் ஏற்காட்டு வீட்டுக்கு மலை ஏறிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் மூட்டம் இறங்கி, முன்கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மகள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். சூட்டுக்காற்று வந்தது, கூடவே லேசாகத் தூசி கருகும் வாசனையும் வந்தது. எனக்குப் பேச்சு நின்றுபோனது. நான் வாய் ஓயாத ஆள் என்பது ஊருக்கே தெரியும், அதனால் அவள் பயந்துவிட்டாள். "ஏனுங்கப்பா, வாந்தி வருதுங்களா?" என்று கேட்டாள். வாந்தி இல்லை. ஒரு பழைய வேன் ஞாபகத்துக்கு வந்தது.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் டிரைவராகச் சேர்ந்தபோது என் கையில் கொடுத்த வண்டி அது. எனக்கு முன்பே பலரிடம் உழைத்துக் களைத்திருந்தது. கதவைச் சாத்தத் தனி வித்தை வேண்டும். ஹாரன் மனசு வைத்தால்தான் அடிக்கும். ஆனால் அதில் ஹீட்டர் இருந்தது. எஞ்சினில் சுடும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக டேஷ்போர்டுக்கு அடியில் வரும். அங்கே ஒரு சின்ன ஃபேன் அந்தச் சூட்டை உள்ளே தள்ளும். இந்தப் பக்கத்தில் ஹீட்டர் வண்டி ஓட்டுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று தலைக்கனம் வேறு. சேலத்து வெயிலில் நிற்கும்போதுகூட அதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி இருக்கையில் ஒரு ஐப்பசியில் எங்களுக்கு மூத்தவள் பிறந்தாள். இப்போது கார் ஓட்டுகிறாளே, அவளேதான். குறைமாசக் குழந்தை, தூக்கினால் கையில் கனமே தெரியாது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு கரகரப்பு. ஆஸ்பத்திரி சிஸ்டரம்மா எங்களை அனுப்பும்போது கண்டிப்பாகச் சொன்னார்: "ஈரத்துணி ஆகாது, அடுப்புப் புகையும் ஆகாது. மறுபடி சளி கட்டுனா இந்தப் புள்ள தாங்காதுங்க."

ஐப்பசி மாத ஏற்காட்டை நீங்கள் பார்த்திருந்தால் இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டால் மூட்டம், மூட்டம் விலகினால் மழை. இன்று பிழிந்து போட்ட துணியை நாளை மாலை தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும். நாங்கள் இருந்த எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லோரும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காயவைப்பார்கள். அந்தத் துணியில் புகை ஏறியிருக்கும், எங்களுக்கு அதுவும் ஆகாது. இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தோம், மேலாகக் காயும், மடிப்பில் ஈரம் நிற்கும். என் மனைவி ஸ்டெல்லா ஈரத்துணியைத் தன் வயிற்றின்மேல் விரித்துப் படுத்து உடம்புச் சூட்டில் காயவைத்தாள். அதைப் பார்த்த அன்றுதான் என் மரமண்டையில் வேன் ஞாபகம் வந்தது.

மறுநாளிலிருந்து சீட்டுக்குச் சீட்டு கயிறு கட்டி, குழந்தைத் துணியைத் தொங்கவிட்டபடிதான் வண்டி ஓடியது. டவுனுக்குப் போய்ச் சாமான் ஏற்றி வருவதற்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். வேலைக்கு ஏறும் பெண்கள் குனிந்து குனிந்து உட்கார்வார்கள். "ஏனுங்க டிரைவரே, இது எந்தக் கட்சிக் கொடிங்க?" என்று கேட்டு நாகலூர் டீக்கடையே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். நல்ல மனுஷன்.

பிறகு ஒருநாள் காலை ஃபேன் நின்றது. சுவிட்சைப் போட்டால் உம்மென்று ஒரு முனகல் மட்டும் வரும், காற்று வராது. ஃபியூஸை மாற்றினேன். நல்ல ஃபியூஸைத்தான் கழற்றி எறிந்திருக்கிறேன் என்பது அப்புறம் தெரிந்தது. ஒயரைச் சுரண்டி முறுக்கினேன். ஸ்பானரால் டேஷ்போர்டை நாலு சாத்து சாத்தினேன். வழக்கமாக அடிக்காத ஹாரன் அடித்தது. கடைசியில் மோட்டார் எரிந்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, டவுன் மெக்கானிக்கிடம் போய் நின்றேன். "அந்த மோட்டாரு இங்கெல்லாம் கெடைக்காதுங்க. கோயமுத்தூருக்குச் சொல்லி வுடோணும்," என்றார் அவர். வீட்டுக்கு வந்தால் குழந்தையின் நெஞ்சுக் கரகரப்பு வாசல்வரை கேட்டது.

ஸ்டெல்லா குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து வேனில் ஏறினாள். பிரசவத்துக்கு முன்புவரை அவள் எஸ்டேட் பல்ப்பர் கொட்டகையில் இருந்தவள். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷினில் வேலை. "போடுங்க பாக்கலாம்," என்றாள். எஞ்சினைக் கிளப்பி, சூடேற விட்டு, சுவிட்சைப் போட்டேன். முனகியது.

"எரிஞ்சு போனது மொனகுமுங்களா? எதையோ புடிச்சுட்டு நிக்குது. பல்ப்பர்ல குச்சி மாட்டுனா இதே சத்தந்தானுங்க. நிறுத்திப்போட்டு வாயப் பாருங்க."

பல்ப்பர் கொட்டகையில் அதுதான் வழக்கம். மெஷின் உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் யாரும் ஸ்பானரைத் தேடமாட்டார்கள். உடனே நிறுத்திவிட்டு, பழம் போடும் வாய்க்குள் குச்சியோ கல்லோ மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு அது தோன்றவில்லை. நான் டிரைவர் அல்லவா!

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, மூடியைக் கழற்றி, ஃபேன் கூட்டுக்குள் விரலை விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. எலி என்று கையை இழுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தானே கைவிட்டு இழுத்தாள். குழந்தையின் கம்பளிக் காலுறை. காணோம் என்று வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தது. கயிற்றிலிருந்து விழுந்திருக்கிறது; காற்று இழுக்கும் வாயிலிருந்த வலை துருப்பிடித்து என்றைக்கோ உதிர்ந்துபோனதால், ஃபேன் அதை விழுங்கிவிட்டது.

சுவிட்சைப் போட்டேன். விர்ரென்று சூடு முகத்தில் அடித்தது. கருகின தூசியும் கம்பளியும் கலந்த ஒரு வாசனை. நான் அழுதுவிட்டேன். "இப்ப எதுக்குங்க அழுவாச்சி? போய்த் துணிய எடுத்தாங்க," என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

மார்கழிவரை அந்த ஃபேன் ஓடியது. குழந்தையின் நெஞ்சு மெல்ல மெல்லத் தெளிந்தது.

வேனை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். பல்ப்பர் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு விடுதி. எங்கள் லைன் வீடுகள் நின்ற இடத்தில் விருந்தாளிகளின் கார்கள் நிற்கின்றன. ஸ்டெல்லாவும் போய்விட்டாள். போன ஐப்பசியில் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தோம். மழை விடவேயில்லை. சுற்றிலும் எல்லோரும் ஜெபித்துக்கொண்டிருக்க, அவள்மேல் போர்த்திய வெள்ளைத் துணி நனைகிறதே என்பது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

"கண்ணாடி தெளிஞ்சிருச்சுங்கப்பா. நிறுத்திரட்டுங்களா?" என்று கேட்டாள் மகள்.

"இருக்கட்டும் கண்ணு. ஊடு போற வரைக்கும் ஓடட்டும்."

"நொம்பக் குளுருதுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.