முந்திக்குள் பேசிய விலை

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்னவென்று எங்கள் ஊர் கணபதியில் பாதிப் பேருக்குத் தெரியாத காலத்திலேயே, அதன் விலைக்காக இரண்டு குடும்பங்கள் முட்டிக்கொண்டன என்றால் நம்புவீர்களா? அதில் ஒன்று என் குடும்பம். இன்னொன்று என் கூடப்பிறந்த அக்காவின் குடும்பம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சத்தி ரோட்டில் ஒரு பேக்கரிக்கும் லேத் பட்டறைக்கும் நடுவில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். பட்டறையில் இரும்பைக் கடைகிற சத்தம் ஒரு பக்கம், பேக்கரியில் தேங்காய் பன் வேகிற வாசம் மறுபக்கம். நடுவில் நான், ஸ்குரூ டிரைவரைக் கொண்டையில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெண்பிள்ளை கடையா என்று தயங்கி நின்றவர்களை எல்லாம் அதட்டியே உள்ளே வரவழைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், வியாபாரமும் அப்படியே வந்தது.

அதே ரோட்டில் கூப்பிடு தூரத்தில் அக்காவின் வீட்டுக்காரர் கடை. அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கம்ப்யூட்டரில் படம் வேகமாகவும் பளிச்சென்றும் தெரிவதற்காக உள்ளே செருகுகிற தகடுதான் கிராபிக்ஸ் கார்டு. எங்கேயோ கடல் தாண்டி இரண்டு கம்பெனிகள் அதைப் போட்டி போட்டுக்கொண்டு செய்தன. ஒரு கம்பெனியின் பெட்டியில் நெருப்புக் கக்குகிற டிராகன் படம் இருக்கும். அந்த ஏஜென்சி என்னிடம். இன்னொன்றின் பெட்டியில் ஒரு ரோபோப் பொம்பளை, கடன்காரியைப் பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டு நிற்பாள். அந்த ஏஜென்சி மாமாவிடம்.

டிராகன்காரன் விலையை இருநூறு ரூபாய் இறக்கினால், அந்த வாரத்துக்குள் ரோபோக்காரன் இருநூற்றைம்பது இறக்குவான். இவன் கார்டோடு தொப்பி கொடுத்தால் அவன் சுவர்க்கடிகாரம் கொடுப்பான். இந்த அறிவிப்பெல்லாம் பெங்களூரிலிருந்து பேக்ஸில் வரும். எங்கள் இருவருக்கும் பேக்ஸ் மெஷின் கிடையாது. முக்கில் இருந்த ஜெராக்ஸ் கடையில்தான் இருவருக்கும் வரும். அந்த ஜெராக்ஸ்காரர் இருக்கிறாரே, என் காகிதத்தை மாமாவுக்கும் மாமா காகிதத்தை எனக்கும் காட்டிவிட்டுத்தான் சொந்தக்காரருக்கே கொடுப்பார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது சும்மாவா? வாங்க வருகிறவர்கள் என் கடையில் ஒரு டீ, மாமா கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, "இன்னும் சித்தே எறங்கட்டுங்க, அப்பறம் வாரேன்" என்று போய்விடுவார்கள். அக்கா வீட்டில் விற்காத கார்டுகளின் இலவசக் கடிகாரங்கள் அடுக்களையிலும் குளியலறை வாசலிலும்கூடத் தொங்கின. என் வீட்டுக்காரர் டிராகன் தொப்பியோடு பால் வாங்கப் போனார்.

சண்டை என்றாலும் மரியாதைக்குக் குறைவில்லை. எங்கள் பக்கத்தில் குத்துகிறவர்கூட 'ங்க' போட்டுத்தான் குத்துவார். பொங்கல் நோம்பிக்கு விருந்துக்குப் போயிருந்தபோது, ஒறம்பரையாக வந்திருந்த சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் மாமா சொன்னார்.

"ஏனுங் அம்மணி, எதுக்கு இத்தன சிரமம்? கடைய மூடிப்போட்டு நம்ம கடைக்கே வந்துருங்க. நிழல்ல உக்காந்து பில்லுப் போடலாமுங்க."

எனக்கு வாயில் வைத்த வடை இறங்கவில்லை. "வடை நல்லா இருக்குதுங்க மாமா" என்றேன். அக்கா எனக்கு இன்னொரு வடை வைத்தாள்.

அடுத்து வந்ததுதான் பெரிய இடி. பெங்களூர்க்காரர் போனில் கூப்பிட்டு, இந்தச் சீசனுக்குள் மொத்தமாக ஓர் ஆர்டர் பிடிக்காவிட்டால் டிராகன் ஏஜென்சியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். ஏஜென்சி போனால் கடை போச்சு. கடை போனால் மாமா சொன்ன அந்த நிழல்தான்.

அந்த நேரத்தில்தான் சரவணம்பட்டி தாண்டி சேலைப் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த ஓர் அம்மா வந்து சேர்ந்தார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பார். விரல் நகமெல்லாம் சாயத்தில் நீலமும் சிவப்புமாக இருக்கும். பார்டரில் வரும் மயிலையும் மாங்காயையும் இனிமேல் கம்ப்யூட்டரிலேயே வரையப்போகிறேன், பட்டறை முழுக்க மெஷின் வேண்டும், ஒவ்வொன்றிலும் கார்டு வேண்டும் என்றார். நான் விலை எழுதிக் கொடுத்தேன். மாமாவும் கொடுத்தார். பிறகு மாமா ஐம்பது குறைத்தார். நானும் ஐம்பது குறைத்தேன். ஜெராக்ஸ்காரருக்குப் பேக்ஸ் கட்டணத்தில் நல்ல வருமானம். அந்த அம்மாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது. இருவரையும் கார்டோடு பட்டறைக்கு வரச் சொன்னார்.

போனோம். இரண்டு கம்ப்யூட்டரை அடுத்தடுத்து வைத்து, ஒன்றில் டிராகன், ஒன்றில் ரோபோப் பொம்பளை. இரண்டு திரையிலும் ஒரே மயிலைச் சுற்றவிட்டோம். சாயத்தொட்டியில் வேலை செய்தவர்கள் எல்லாம் கையை உதறிக்கொண்டு ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள். "அடேங்கப்பா, தோகைய விரிக்குது பாரு!" என்று ஒருவர் கை தட்டினார். நான் என் மயிலை வேகமாகச் சுற்றினேன். மாமா அவர் மயிலை அதைவிட வேகமாகச் சுற்றினார். கடைசியில் இரண்டு மயிலும் பம்பரமாகி, பார்த்தவர்களுக்குத்தான் தலை சுற்றியது.

"போதுமுங்க, மயிலு பாவம்" என்றார் அந்த அம்மா. "ரெண்டும் நல்லாத்தான் சுத்துது. இப்ப விலைக்கு வாங்க. ஆனா காயிதம் வேண்டாம். அடுத்தவங்க விலையப் பாத்துப் பாத்து அம்பது அம்பதாக் கொறைக்கறீங்க. உங்க மனசுல இருக்கற விலை எனக்கு வேணும். எங்கப்பன் மாட்டுத் தரகர். சந்தையில துண்டுக்குள்ள கைய உட்டு விரலப் புடிச்சுத்தான் விலை பேசுவாங்க. கைக்குள்ள சொன்ன விலை பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது. சொன்னதுக்கப்பறம் மாத்தவும் முடியாது. இங்கயும் அப்படித்தானுங்க."

கணக்கையும் அவரே சொன்னார். ஒரு கார்டுக்கு ஐயாயிரம் அடிவிலை. அதற்கு மேல் ஒரு விரல் கொடுத்தால் நூறு, இரண்டு கொடுத்தால் இருநூறு. யார் விரல் குறைவோ அவருக்கு ஆர்டர். ஆளுக்கு ஒரே தடவைதான்.

சொல்லிவிட்டுச் சேலை முந்தியை விரித்தார். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சந்தையில் துண்டு. இங்கே துண்டு எங்கே? அடுத்த வீட்டு அம்மணியின் முந்திக்குள் மாமா கையை விடுவதா? வெட்டினாலும் மாட்டார். காது வரைக்கும் சிவந்துவிட்டார்.

"உங்க கை வேண்டாமுங்க" என்று அந்த அம்மா சிரித்தார். "உங்கூட்டுப் பொம்பளையக் கூட்டிட்டு வாங்க."

மாமா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு பறந்தார். நான் குதிக்காத குறைதான். அக்காவாவது, கிராபிக்ஸ் கார்டாவது! கடிகாரத்தின் பெட்டியைப் பார்த்து இதுதான் கார்டா என்று கேட்கிற ஆள் அவள் என்று நினைத்தேன்.

அக்கா வந்தாள். முழங்கை வரை இட்லி மாவு காய்ந்திருந்தது. "ஏனுங், அடுப்புல பருப்பு கெடக்குதுங்க, சீக்கிரம் ஊட்டுக்குத் தாட்டி உடுங்க" என்று இறங்கும்போதே புலம்பினாள். மாமா அவளை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆட்டின ஆட்டத்தில் எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது.

முதலில் என் கை. முந்திக்குள் விட்டதும் அந்த அம்மாவின் கை பிடித்தது, சாயம் ஏறிச் சொரசொரவென்று. எனக்கு வாங்கின விலையே கிட்டத்தட்ட ஐயாயிரத்து இருநூறில் நின்றது. ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். இரண்டு விரலுக்குக் கீழே போனால் கைக்காசு போகும். சாமியை நினைத்துக்கொண்டு இரண்டு விரலைக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு தடவை அழுத்தினார், விட்டுவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து அக்கா. கையை விட்டாள். அவ்வளவுதான், "அய்யோ!" என்று ஒரு துள்ளு. "அம்மணி, கூசுதுங்க! உடுங்க, உடுங்க!" என்று சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், பட்டறையே அதிர்ந்தது. முந்திக்குள் இரண்டு பூனை சண்டை போடுகிற மாதிரி அலைகிறது. அந்த அம்மாவுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. வேலையாட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாயத்தொட்டி ஓரம் உட்கார்ந்தார்கள். நானும் சிரித்தேன், பயத்திலேயே சிரித்தேன். மாமா மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சிரிக்காத புள்ள! விரல் பத்திரம்! விரல் பத்திரம்!"

ஒரு வழியாகக் கை வெளியே வந்தது. அந்த அம்மா முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சின்ன அம்மணிக்குத்தானுங்க ஆர்டர்" என்றார்.

எனக்குக் காது கேட்டது, மண்டைக்குப் போகவில்லை. போனதும் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டேன். மாமாவுக்குத் தாங்கவில்லை. மரியாதை, ரகசியம் எல்லாம் பறந்துவிட்டது.

"ஒத்த விரல்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே புள்ள! எத்தன குடுத்த?"

"நான் எங்கீங்க குடுத்தேன்? கூச்சத்துல கை விரிஞ்சுபோச்சு. அவங்க அஞ்சையும் சேத்துப் புடிச்சுப்போட்டாங்க" என்றாள் அக்கா, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே.

"அந்தம்மாகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க, அது கூச்சத்துல வந்த விலைங்க!" என்று மாமா என்னிடமே கெஞ்சினார்.

"கைக்குள்ள சொன்னது சொன்னதுதானுங்க" என்றார் அந்த அம்மா. மாமா கடிகாரம் இலவசம் என்றார், இரண்டு கடிகாரம் என்றார். ஒன்றும் நடக்கவில்லை.

டிராகன் பெட்டியை மூட்டை கட்டி என் மொபெட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். வழியனுப்ப வந்த அந்த அம்மா, "கெட்டிக்காரிதான் போ கண்ணு!" என்று என் இடுப்பில் ஒரு விரலால் குத்தினார். நான் தவளைபோலத் துள்ளிவிட்டேன். எனக்கு அப்படியொரு கூச்சம். சின்ன வயதிலேயே, என் காலில் மருதாணி வைக்க இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கு ஒருத்தர் வைத்தால் போதும். உள்ளங்காலில் விளக்குமாற்றுக் குச்சியால் கோடு கிழித்தாலும் அசையாமல் பாடம் படித்துக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் கூச்சமே இல்லாத பிறவி என்றால் அவள் ஒருத்திதான்.

நேராக அக்கா வீட்டுக்கு வண்டியை விட்டேன். முன்னறையில் மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல், காற்றாடியைப் பார்த்தபடி படுத்திருந்தார். சத்தமில்லாமல் பின்பக்கம் போனேன். அக்கா தீய்ந்த பருப்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி அஞ்சு விரலையும் குடுத்த?" என்றேன். அக்காவை 'டி' போட்டது அன்று ஒரு நாள்தான்.

"யாரு குடுத்தா? கூச்சம்" என்றாள், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாமா சொன்னபடி ஒண்ணு குடுத்திருந்தா ஆர்டர் உங்களுக்குத்தானக்கா?"

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "அவருக்கு இது போனா, நாலு நாளைக்கு மொகத்தத் தூக்கி வெச்சுட்டு இருப்பாரு. அப்பறம் சோறு உண்பாரு. உனக்குப் போனா, கடையே போயிரும். நீ எங்க கடையில பில்லுப் போட்டுட்டு உக்காந்திருக்கறத நான் பாக்கோணுமா? இத்தன வருசமா இந்த ஊட்டுல கார்டு வெலையத் தவிர வேற பேச்சு உண்டா? எனக்குக் கணக்குத் தெரியாதா கண்ணு?"

அழுகை வரும்போலிருந்தது, அதனால் கோபம் வந்தது. இரண்டு கையாலும் அவள் இடுப்பில் விரலைக் குத்திக் குத்திக் கிச்சுகிச்சு மூட்டினேன். அவள் அரச மரம் மாதிரி நின்றாள். ஒரு நெளிவுகூட இல்லை.

"ஆச்சா? இன்னும் பாக்கி இருக்குதா?" என்றாள்.

நான்தான் சிரித்தேன். அழுதுகொண்டே, மூக்கு ஒழுக, நிறுத்த முடியாமல் சிரித்தேன். முன்னறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"அங்க என்ன புள்ள, அப்படியொரு சிரிப்பு?"

அக்கா சாம்பல் கையால் என் வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கூச்சமுங்க!"