காலியாகக் கிடந்த கட்டம்

ஒரு கை நாடியில், ஒரு கை பேனாவில். ஊசி இரண்டு போட்டாயிற்று. கட்டிலில் கிடந்த பெண்ணின் உதறல் நிற்கவில்லை. அவசரப் பிரிவில் யாருக்கு வலிப்பு வந்தாலும் நிமிடக் கணக்காக எழுதி வைப்பாள் அந்த நர்ஸ். அதனால் எல்லோருக்கும் அவள் கடிகார அக்கா.

"பதினெட்டு நிமிஷம்க்கா," என்றான் இளம் டாக்டர். "இனி தாங்காது. மயக்கம் குடுத்து, தொண்டையில குழாய் இறக்கி, மிஷின்ல போட்டுடலாம்."

போன மழைக்காலத்தில் இதே கட்டிலில் ஒருத்திக்கு அப்படித்தான் குழாய் இறக்கினார்கள். அவளுக்கு வந்தது வலிப்பே இல்லை, மன அழுத்தத்தில் உடம்பு தானாக உதறியது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் நுரையீரலில் சீழ் பிடித்துவிட்டது. அவள் வீடு திரும்பவில்லை. அன்று கடிகார அக்கா எழுதிய தாளில் 'கண்' என்ற கட்டம் மட்டும் காலி.

"ரெண்டு நிமிஷம் குடுங்க டாக்டர்."

"உங்க கடிகாரம் நின்னு நின்னுதான் ஓடும்!"

நர்ஸ் இமையைத் தூக்கப் பார்த்தாள். அந்தப் பெண் இறுக்கி மூடிக்கொண்டாள். வலிப்பென்றால் பெரும்பாலும் கண் திறந்து நிலைகுத்தி நிற்கும். தலை 'வேண்டாம் வேண்டாம்' என்பதுபோல் இருபக்கமும் ஆடியது. உதறல் சற்று ஓய்ந்து மறுபடி எழுந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் இம்மியும் குறையவில்லை; நிஜ வலிப்பு இவ்வளவு நீண்டால் குறைந்திருக்கும்.

வாசலிலிருந்து புருஷன் கத்தினான்: "எல்லாம் நடிப்பு சிஸ்டர்! எங்கம்மா வந்தாலே இப்படித்தான்!"

அந்தச் சொல் விழுந்ததும் கட்டிலே அதிர்ந்தது. அவளுக்குக் காது கேட்கிறது!

"யோவ், வெளியே போ! அவளா வரவழைச்சுக்கிறாள்னு நினைச்சியா?" நர்ஸ் அவனை விரட்டினாள்.

குனிந்து காதோரம் சொன்னாள்: "கண்ணு, நீ நடிக்கலை. எனக்குத் தெரியும். இனி ஊசி இல்ல. நான் கூடவே இருக்கேன்."

உதறல் நிற்கவில்லை. டாக்டர் குழாயைக் கையில் எடுத்துவிட்டான்.

"நிஜ வலிப்பா இருந்து நாம சும்மா நின்னா, யாரு பதில் சொல்றதுக்கா?"

நர்ஸ் தாளை மேலிருந்து ஒருமுறை படித்தாள். ஒரு அடையாளத்தை மட்டும் நம்ப முடியாது. எல்லாம் சேர்ந்து ஒன்றைத்தான் சொல்கின்றனவா? இருபதாவது நிமிஷம். இருபத்தொன்று. மூடிய இமையின் ஓரத்தில் கண்ணீர் கசிந்தது. நாடி பார்த்துக்கொண்டிருந்த நர்ஸின் கையை அந்தப் பெண்ணின் விரல்கள் மெல்லப் பற்றின.

நர்ஸ் நேரத்தைப் போட்டு அதையும் எழுதினாள். 'கண்' என்ற கட்டத்தில் 'இறுக மூடியது. திறக்க விடவில்லை' என்று நிரப்பித் தாளை நீட்டினாள்.

அதை வாங்க, டாக்டர் குழாயைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.