தைப்பொங்கல் வெயிலும் ஒரு பிழையான அம்புக்குறியும்

1. "பொருந்தாது"

கட்டட அனுமதி கொடுக்கும் கமிட்டி கூட இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது கவுன்சில் வழியாக அயல் வீட்டுக்காரர் ஒருவரின் ஆட்சேபக் கடிதம் எங்கள் ஒபிசுக்கு வந்தது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பழைய கராஜை இடித்து ஐந்து மாடி ஃபிளாட் கட்டும் திட்டம். அது எழும்பினால் பக்கத்து வீடுகளுக்கு வெளிச்சமும் வெயிலும் எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவன் நான். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் என் தொழில். லண்டனில் வெயில் அளந்து சம்பளம் வாங்குகிறேன் என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். "அப்ப வருசத்திலை ரெண்டு கிழமைதான் வேலையோ?" என்று சர்ச் வாசலில் ஒருவர் கேட்டார்.

கடிதத்தில் மூன்றே வரிகள். எங்கள் பின் அறைக்குக் காலை வெயில் வருகிறது, என் கணவர் அங்கேதான் படுத்திருக்கிறார், தயவுசெய்து மறைக்க வேண்டாம்.

என் அட்டவணையில் அந்த ஜன்னலுக்கு நேரே வெளிச்சம் பாஸ். வெயில் என்ற இடத்தில் "பொருந்தாது" என்று இருந்தது. தெற்குப் பாதியைப் பார்க்கும் ஜன்னல்களுக்குத்தான் நாங்கள் வெயில் கணக்குப் போடுவோம். கிழக்கைத் தாண்டி வடக்குப் பக்கம் திரும்பிய ஜன்னல் அதில் சேராது. என் மாடலில் அந்த ஜன்னல் வடகிழக்கைப் பார்த்தது.

என் மேலாளர் சுந்தர், கோயம்புத்தூர்க்காரர், கடிதத்தைப் படித்தார்.

"வடகிழக்கு ஜன்னல்னு ரெண்டு வரி பதில் போட்டா முடிஞ்சுதுங்க. ஆனா பேரைப் பாத்தா உங்க ஊர்க்காரங்க மாதிரி இருக்கு. ஒரு எட்டு நேர்ல போய் விளக்கிச் சொல்லிட்டு வந்துடுங்களேன்."

2. மப்பு நாள்

பொதுவாக நாங்கள் அயல் வீடுகளுக்குள் போவதில்லை. தெருவில் நின்று ஜன்னல்களைப் படம் எடுப்போம்; உள்ளே என்ன அறை என்று ஊகிப்போம். அன்றைக்குத்தான் நான் கணக்குப் போட்ட ஒரு ஜன்னலை முதன்முதலாக உள்ளே இருந்து பார்த்தேன்.

கதவைத் திறந்தவர் கடிதம் எழுதிய பத்மா அக்கா. கணவர் பஸ் ஓட்டியவர். பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. படி ஏற ஏலாது என்று கட்டிலைக் கீழே பின் அறைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். கட்டிலுக்கு மேலே சுவரில் சாமித்தட்டு.

நான் பெரிய மனுசத்தனமாக விளக்கத் தொடங்கினேன். "அக்கா, இந்த ஜன்னல் வடக்குப் பக்கமாத் திரும்பினது. கோடையிலை விடியக்காலமை கொஞ்ச நேரம் வெயில் வரும், அவ்வளவுதான்."

"கோடையிலையோ? என்ன தம்பி கதைக்கிறீங்கள்? தைப்பொங்கலுக்கு இந்த ஜன்னலுக்கு முன்னாலைதான் நாங்கள் படைக்கிறனாங்கள். ஒன்பது மணிபோலை வெயில் நேரை வந்து முருகன்ரை படத்திலை விழும். அதைக் கண்டாத்தான் இவருக்கு விடிஞ்சது. அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார்."

கட்டிலில் இருந்தவர் இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார்.

தை மாதத்தில் லண்டன் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும். வடகிழக்கைப் பார்க்கும் ஜன்னலில் அது எட்டிக்கூடப் பார்க்காது. அப்படியென்றால் ஒன்று அக்கா பிழை, அல்லது நான் பிழை. நான் மன்னார்க் கத்தோலிக்கன். எங்கள் வீட்டில் சூரியனுக்குப் படைக்கிற வழக்கம் இல்லை. ஆனால் பொங்கல் படைக்கிறவர்களுக்குச் சூரியன் எங்கே நிற்கும் என்று தெரியாமல் இருக்காது.

வெளியே மேகம் மூடி ஒரே மப்பு. சூரியனைக் காணவில்லை. பின் வளவுக்குப் போய்ப் போனில் திசைகாட்டியைத் திறந்தேன். மூன்று இடத்தில் நின்று பார்த்தேன். ஜன்னல் கிழக்கைத் தாண்டித் தெற்குப் பக்கமாகத்தான் திரும்பி இருந்தது.

"என்ன தம்பி, முகம் வெளுத்துப்போச்சு?"

"நான்தான் பிழை அக்கா," என்றேன்.

3. அறுபது டிகிரி

நடந்தது இதுதான். ஆர்க்கிடெக்ட் பிளானைத் தாளில் நேராக வருவதற்காகத் திருப்பி வைத்திருந்தார். வடக்கைக் காட்டும் அம்புக்குறியைத் திருப்ப மறந்துவிட்டார். அது சும்மா மேலே பார்த்துக்கொண்டு நின்றது. நான் அதை நம்பி மாடல் செய்தேன். வெளிச்சக் கணக்குக்குத் திசை தேவையில்லை, மப்பு வானத்தை வைத்துத்தான் அதைப் போடுவோம். அதனால் அந்த இலக்கங்கள் எல்லாம் சரியாகவே வந்தன. வெயிலில் மட்டும் பிழை. அதனால்தான் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் ஒரு கள்ளப் புத்தி வந்தது. இது எனக்கு மட்டும்தான் தெரியும், பேசாமல் இருந்தால் என்ன? பிறகு அந்த இடது கை ஞாபகம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வயதும் எனக்கில்லை.

சுந்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை டிகிரி?"

"அறுபது."

அவர் போனைக் கையில் எடுத்தார். "ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிக்கலாங்க. கவுன்சிலுக்கு நானே போன் பண்றேன். நீங்க மாடலைத் திருப்புங்க. கமிட்டி முடிஞ்சப்புறம் தெரிஞ்சிருந்தா நம்ம ரெண்டு பேர் பேரும் நாறியிருக்கும்."

அன்றைக்கே மாடலைத் திருப்பினேன்.

திருத்திய மாடலில் அக்காவின் ஜன்னல் ஃபெயில். குளிர்கால வெயில் அனேகமாக முழுதும் போய்விடும் என்று வந்தது. ஆர்க்கிடெக்ட் முணுமுணுத்தார், அம்புக்குறியைக் காட்டியதும் அடங்கினார். கமிட்டி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. மேல் இரண்டு மாடிகளையும் அக்காவின் வீட்டில் இருந்து விலக்கி உள்ளே தள்ளி வரைந்தார்கள். மாடலைத் திரும்ப ஓட விட்டேன், பாஸ். நம்பிக்கை வராமல் இன்னொரு தரமும் ஓட்டினேன். மறுபடியும் பாஸ்.

இப்போது எந்த சைட்டுக்குப் போனாலும் திசைகாட்டி என் கையில் இருக்கும். வீட்டுக்காரர் யாராவது வெளியே நின்றால், "ஜனவரியில் வெயில் எங்கே விழும்?" என்று கேட்டுவிட்டுத்தான் மாடலில் கை வைப்பேன். இளம் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான். அம்புக்குறி ஒருவர் வரைந்தது. அந்த வீட்டில் இருக்கிறவர் ஒவ்வொரு காலையும் கண்டது வேறாக இருக்கலாம்.

கட்டடம் எழும்பி முடிந்த பிறகு வந்த முதல் தைப்பொங்கல் அன்று காலை அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, ஒன்பதேகால் ஆகுது."

"என்னக்கா, வெயில் வரேல்லையோ?"

"வந்திட்டுது. இவர் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறார்."