அண்ணி போட்ட டீயும் ஒரு காலிச் சொம்பும்

தேநீரைப் பற்றி நான்கு புத்தகம் படித்தவன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதற்கு நானே சாட்சி. ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட் வாங்கிய பிறகுதான் இந்தப் பித்து பிடித்தது. தண்ணீரின் சூட்டை அளக்க ஒரு கருவி, இலையை எடை போட உள்ளங்கை அளவுத் தராசு, சோப்பே படக்கூடாத ஒரு மண் குடுவை. பஸ் டிப்போ எதிரில் டீ குடிப்பவர்களைப் பார்த்து, பாவம், விவரம் தெரியாத ஜனம் என்று உச்சுக்கொட்டுவேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வெந்நீர் நிறத்தில் ஒன்றை ஊற்றிக் கொடுத்து, பூ வாசனை வருகிறதா என்று கேட்பேன். வருகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இல்லாவிட்டால் இன்னொரு கப் ஊற்றுவேனே!

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பொங்கலுக்குத் திருமுல்லைவாயிலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பிளஸ் டூ படிக்கும்போது அங்கேதான் தங்கியிருந்தேன். விடியற்காலையில் அண்ணி டம்ளரோடு வந்து எழுப்புவார். அந்த டீ இல்லையென்றால் சத்தியமாகக் கணக்கில் பாஸாகியிருக்க மாட்டேன். அன்றைக்கும் அதே டீதான், இஞ்சி தட்டிப் போட்டு, நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தார். பேசாமல் குடித்துத் தொலைத்திருக்கலாம். தேயிலை ருசி பார்ப்பவர்கள் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, அதற்கென்று வைத்த பாத்திரத்தில் துப்பிவிடுவார்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. என்னிடம் பாத்திரம் இல்லை. சர்ரென்று உறிஞ்சி வாஷ்பேசினில் துப்பினேன். வெறும் டஸ்ட், சலித்து மிஞ்சிய தூள் என்று தீர்ப்பு வேறு. திரும்பினால் சமையலறை வாசலில் அண்ணி.

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். நான் கிளம்பும்போது அண்ணன்தான் கேட்வரை வந்தார்.

"அவ கையால குடுத்தத துப்பிட்டியேடா. இன்னா படிப்பு படிச்ச நீ?"

அது ருசி பார்க்கும் முறை, அதற்கென்று பாத்திரமே உண்டு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அண்ணன் கேட்டைச் சாத்திவிட்டார். பிறகு நான்கு மாதம் அண்ணி என் போனை எடுக்கவில்லை. என் மண் குடுவையில் எதைப் போட்டாலும் தொண்டையில் இறங்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். புத்தியுள்ளவன் பழம் வாங்கிக்கொண்டு போவான். நான் வெள்ளைத் தேயிலை டப்பா ஒன்றைக் கொண்டுபோனேன். வெறும் மொட்டுகள். கொதிக்கிற தண்ணீர் பட்டாலே ருசி போய்விடும். அண்ணி கதவைத் திறந்தார், டப்பாவை வாங்கினார், உள்ளே போனார். பால் பொங்கும் வாசனை வந்தது. இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. ஐயையோ, என் தேயிலை என்றுதான் அப்போதும் மனசு அடித்துக்கொண்டது. வெட்கம் கெட்ட ஜென்மம்.

டம்ளரை என் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு காலிச் சொம்பையும் வைத்தார்.

"துப்பறதுக்கு வேணும்ல தம்பி. அதுக்குன்னு பாத்திரம் கீதுன்னு உங்கண்ணன் சொன்னாரு."

கொதிக்கக் கொதிக்கக் குடித்தேன். அடியில் கிடந்த சக்கை தொண்டையில் சிக்கியது. அதையும் விழுங்கினேன். அண்ணி சொம்பைக் கையில் எடுத்து, உள்ளே நன்றாக எட்டிப் பார்த்தார்.

"சரி, இருந்து சோறு துன்னுட்டுப் போ" என்றார்.