நடுவில் நின்ற சுருட்டைக் குதிரை

குதிரைக்குப் பக்கத்தில் போனால் எனக்கு மூச்சு இழுக்கும். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஐந்து நிமிடத்தில் ஆஸ்துமா பம்பைத் தேட வேண்டி வரும். அப்படிப்பட்டவளுக்குக் குதிரையில் ஏறி ஓடும் ஆசை எங்கிருந்து வந்தது என்று என் கணவர் கேட்காத நாளில்லை. எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது?

லண்டனின் கிழக்கு ஓரத்தில், எலிசபெத் லைன் ரயிலில் போய் இறங்கி ஒரு பஸ்ஸும் பிடித்தால் வருகிற லாயத்தில் சுருட்டை மயிர்க் குதிரை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு அந்த இனத்தின் அருகே ஒன்றும் செய்வதில்லையாம். நம்பாமல், பம்பும் கையுமாகப் போனேன். செம்மண் நிறத்தில் ஓர் ஆண் குதிரை. உடம்பு முழுக்க ஆட்டுக்குட்டிச் சுருள். மீசை மயிர் சுருள், காதுக்குள் சுருள், இமைகூடச் சுருள். கழுத்தில் முகத்தை வைத்து அரை மணி நேரம் நின்றேன். மூச்சு இழுக்கவில்லை. வெட்கத்தை விட்டு அழுதேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் எனக்கு வகுப்பு. சாதாரண ஓட்டம் அல்ல, டிரெஸாஜ். நீள்சதுர மணல் திடலில், சுவரில் எழுதிய எழுத்துகளைக் குறி வைத்து, குதிரையை நடத்துவது, ஓட்டுவது, வளைப்பது, நிறுத்துவது. ஓட்டுபவர் என்ன சொன்னார் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. திடலின் நட்ட நடுவுக்கு எக்ஸ் என்று பெயர். அந்த எழுத்து மட்டும் எங்கும் எழுதியிருக்காது. மனதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் சில வாரம் தனியாகப் போகப் பயமாக இருந்ததால் என் கணவரின் தங்கையைத் துணைக்குக் கூட்டிப் போனேன். அவள் எனக்கு மச்சாள், நானும் அவளுக்கு மச்சாள். மனோர் பார்க்கில் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவதும் போனில் படம் எடுப்பதும்தான் அவள் வேலை. நாலாவது வாரம் ஆசிரியை, அறுபது வயது ஆங்கிலப் பெண்மணி, சும்மா நிற்கிறாயே, ஏறிப் பாரேன் என்று அவளிடம் சொன்னார். ஏறினாள். நான் நாலு வாரம் வியர்த்து விறுவிறுத்து எடுத்த வட்டத்தை அவள் சிரித்துக்கொண்டே எடுத்தாள். தேத்தண்ணிப் பிளாஸ்க் என் கைக்கு வந்தது.

நல்ல மனுஷி என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த லாயத்தில் பதினொரு குதிரைகள் நின்றன. அவளுக்கு எந்தக் குதிரையும் ஒத்துக்கொள்ளும். மற்றப் பத்தையும் தூர விலகிச் சுற்றிப் போகிற எனக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில்தான் அவளும் ஏற வேண்டுமா?

ஒன்றரை வருடம் இருவரும் அதே குதிரையில் படித்தோம். ஐப்பசியில் லாயத்தில் சிறு போட்டி என்று அறிவித்தார்கள். சுருட்டைக்கு வயது குறைவு, ஒரு தடவைக்கு மேல் இறக்கக் கூடாது என்றார் ஆசிரியை. ஆகவே ஒருத்திதான் ஓடலாம். கோடை முழுக்க அந்த ஒருத்தி நான்தான் என்று நம்பி, நாங்கள் இருக்கிற ஈஸ்ட் ஹாமில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்லியும் வைத்தேன். ஆசிரியை மச்சாளைத் தெரிவு செய்தார். என்னைத் தனியே கூப்பிட்டுக் காரணமும் சொன்னார்: அவள் குதிரையிடம் கேட்கிறாள், நீ இழுக்கிறாய்.

பல் வைத்தியசாலை வரவேற்பில் வேலை செய்கிற எனக்குச் செவ்வாயும் வியாழனும் பின்நேரம் ஓய்வு. ஓரளவு தேறிய மாணவர்கள் அந்த நேரங்களில், லாயத்துப் பணியாளர் ஒருவர் பார்த்து நிற்க, ஆசிரியை இல்லாமல் பயிற்சி செய்யலாம். யார் எப்போது என்று வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். காலியாக இருந்த சுருட்டையின் நேரம் அத்தனையிலும் என் பெயரை எழுதினேன். மச்சாளுக்கு மிச்சம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நோக்கம். குதிரையைக் கெடுக்க நினைக்கவில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். போட்டியின் முதல் அசைவு, உள்ளே வந்து எக்ஸில் நின்று நடுவருக்கு வணக்கம் வைப்பது. நாலு காலும் நேராக, ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். மச்சாளின் நிறுத்தம் எப்போதும் கொஞ்சம் கோணல். இந்த ஒன்றிலாவது நான் அவளைவிட மேல் என்று காட்ட, எந்தப் பக்கத்தால் நடுவைக் கடந்தாலும் நிறுத்தினேன். நடந்து வந்து நிறுத்தினேன். ஓடி வந்து நிறுத்தினேன். மூன்று வாரத்தில் சுருட்டை என் மூச்சுக்கே நின்றது.

அடுத்த சனிக்கிழமை மச்சாள் மூலைக்கு மூலை குறுக்காக ஓட்டி வந்தாள். எக்ஸ் வந்ததும் குதிரை தானாகவே நின்றது. அவள் முன்னால் சரிந்து கழுத்தைப் பிடித்தாள். திரும்ப ஓட்டினாள், திரும்ப நின்றது. ஏதோ புதுப் பிடிவாதம் என்றார் ஆசிரியை. வேலியில் சாய்ந்து நின்ற எனக்குக் காரணம் அந்தக் கணமே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது, பொய் சொல்ல மாட்டேன்.

மச்சாள் இறங்கி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"மச்சாள், இதுக்குக் கண்ணூறு பட்டிட்டுது."

"குதிரைக்கோ?"

"ஓம். நல்லா ஓடினது திடீரெண்டு ஏன் நடுவில நிக்குது? நீங்கள் ஒருக்கா நாவூறு கழிச்சு விடுங்கோ. என்ர பையில செத்தல் மிளகாயும் உப்பும் கிடக்கு."

நானா? லாயத்தில் அத்தனை பேர் இருக்க, கண் வைத்தவளையே கழிக்கச் சொல்கிறாள்! மறுத்தால் சந்தேகம் வரும். ஏழு மிளகாயும் ஒரு பிடி உப்பும் எடுத்தேன். குளம்பைச் சுரண்டிக் கொஞ்சம் கால் மண்ணும் சேர்த்தேன். சுருட்டையின் தலையிலிருந்து வால் வரை மூன்று தரம் சுற்றினேன். கண்டார் கண், காணார் கண், கொண்டார் கண் என்று சொல்லிக்கொண்டு வந்த நான், உறவுக்காரர் கண் என்ற இடத்தை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துத் தாண்டினேன். குதிரை என் கையை மோந்து பார்த்துத் தும்மியது.

வைக்கோல் உள்ள இடத்தில் நெருப்பு மூட்ட ஏலாது. ஆகவே எல்லாவற்றையும் டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறி மனோர் பார்க் வந்தோம். மச்சாள் குளியல் தொப்பி ஒன்றை எடுத்து, கதிரையில் ஏறி, புகை அலாரத்துக்குப் போட்டுவிட்டாள். பழைய தாச்சியை அடுப்பில் வைத்தாள்.

"போடுங்கோ."

மிளகாய் எரியும்போது நெடி ஏறி இருமினால் கண்ணூறு இல்லை. நெடியே வராவிட்டால் பட்டிருக்கிறது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேட்டு வந்திருக்கிறோம். போட்டேன். மிளகாய் கறுத்தது, உப்பு படபடத்தது, புகை எழுந்தது. குதிரைத் தூசிக்கே மூச்சு இழுக்கிற எனக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகு இருமினேன். நன்றாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கசக்கி இருமினேன். பம்பைக்கூட எடுத்தேன்.

மச்சாள் என் கையிலிருந்து பம்பை மெல்ல வாங்கி மேசையில் வைத்தாள்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை. நீங்கள் ஏன் இருமுறியள்?"

இதற்கு மேல் நடிக்க ஏலாது.

"நான்தான் நடுவில நிப்பாட்டி நிப்பாட்டிப் பழக்கினனான்" என்றேன். "எனக்கு உம்மில எரிச்சல். தொடக்கத்திலயிருந்தே."

"தெரியும். பலகை முழுக்க உங்கட பேர்தானே."

"அப்ப ஏன் என்னைச் சுத்தச் சொன்னனீர்?"

"ஆரின்ர கண் எண்டு தெரிஞ்சா, அவையைக் கொண்டுதானே கழிக்க வேணும்?" அடுப்பை அணைத்தாள். கோபம் அப்போதுதான் குரலில் ஏறியது. "போட்டிக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு. செவ்வாயும் வியாழனும் நீங்களே போய் நடுவால நிப்பாட்டாமல் ஓடுங்கோ. பழக்கினவதான் மறப்பிக்க வேணும். வணக்கம் வைக்கிற நேரத்தில மட்டும் நிப்பாட்டுங்கோ."

போனேன். அவளுடைய போட்டிக்காக நான் நாலு பின்நேரம் ஓடினேன். சுருட்டை எக்ஸ் வரும்போதெல்லாம் நிற்கப் பார்த்தது. காலால் அணைத்து, போ, போ என்று கெஞ்சினேன். கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடும் என்பதால் கையைத் தளர்த்த வேண்டியிருந்தது. நாலாம் நாள் கேட்டவுடன் போனது. ஒன்றரை வருடம் ஆசிரியை கத்திய பாடம், அடுத்தவளுக்காக ஓடியபோதுதான் என் கைக்கு வந்தது. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

போட்டியில் மச்சாள் நாலாவதாக வந்தாள். குறுக்கே ஓடும்போது சுருட்டை ஒரு தடவைகூட நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு என் வீட்டுச் சாப்பாட்டுக்கு உறவுக்காரர்கள் வந்தபோது நடுவரின் புள்ளித் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பத்துக்கு ஆறு, ஆறரை, ஐந்தரை என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஒரே ஒரு எட்டு. அது எக்ஸில் நிறுத்தத்துக்கு. பக்கத்தில், நேராகவும் அமைதியாகவும் இருந்தது என்று நடுவர் எழுதியிருந்தார். எல்லோரும் அந்த எட்டைப் பார்த்து வாய் பிளந்தார்கள்.

மச்சாள் என்னைப் பார்த்தாள்.

"அது என்ர இல்லை" என்றாள். "நிப்பாட்ட மச்சாள்தான் பழக்கினவ."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் நெஞ்சு நிமிர்ந்தது.

"பாத்தியளே பிள்ளையின்ர பெரிய மனசை" என்றார் என் மாமியார். "தான் எடுத்த புள்ளியையும் தூக்கிக் குடுக்குது."

எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். என் கணவரும் ஆட்டினார். அந்த எட்டும் அவளுக்கே போனது.