லூர்து டீச்சர் பின்னால் நின்று பேசிப் பார்த்த கதை

அன்றைக்கு எங்கள் வீட்டு முன் அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள் அமலா, செசிலி அக்கா, ரோஸ்லின், பாக்கியம், இன்பராஜ் அண்ணன், லூர்து டீச்சர். வீட்டு நோட்டில் அன்றே எழுதி வைத்திருக்கிறேன், பெயர் தப்பாது.

அக்டோபர் மாதம். அந்த வாரம், எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். மெழுகு உருகும் வாசனையும் அடுப்படியில் சுண்டல் வேகும் வாசனையும் கலந்து வந்தது... இப்போதும் மெழுகுவர்த்தி ஏற்றினால் எனக்குச் சுண்டல்தான் ஞாபகம் வரும்.

அமலாவுக்கு அப்போது எட்டு வயது. லூர்து டீச்சர்தான் அவளுடைய வகுப்பு டீச்சர். ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா போய், ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் ஐந்து மாதம் பாடம் நடத்திவிட்டு அந்த ஜூனில்தான் திண்டுக்கல் திரும்பியிருந்தார். பனி எப்படி இருந்தது, விமானத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்க நாங்கள் காத்திருந்தோம். அவரோ ஒரு நாள் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, தான் போர்டு பக்கம் திரும்பிப் பேசினால் அமலா எழுதுவதில்லை, டாக்டரிடம் காதைக் காட்டுங்கள் என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எம் மக ஜெபமாலையில ஒரு வார்த்தை விடமாட்டா டீச்சர். காது கேக்காமலா சொல்றா?"

பொய் சொல்லவில்லை. ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பிற்பாதியைச் சேர்ந்து சொல்வோம். அமலா நூலளவு பிசகாமல் எங்களோடு சேர்ந்துகொள்வாள். அதில் எனக்குப் பெருமை வேறு. அப்படிப்பட்டவள், அடுப்படியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லையென்றால் அது அடம்தானே என்று நினைத்தேன். கரண்டிக் காம்பால் அடித்திருக்கிறேன்... எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

டீச்சர் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருவதாக மட்டும் சொன்னார். சொன்னபடி வந்தார்.

செசிலி அக்கா விடுவார்களா? "அமெரிக்கா போனவுக பூராம் சாக்லேட்டு கொண்டாந்தாக. நம்ம டீச்சர் பிள்ளைக காதுக்குள்ள எட்டிப் பாக்கக் கத்துக்கிட்டு வந்திருக்காக." எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார்.

ஜெபமாலையில் இருபது மணிகள் உருட்டி முடித்திருப்போம். அமலாவை மாதா படத்தைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார வைக்கச் சொன்னார் டீச்சர். உட்கார வைத்தேன். இன்பராஜ் அண்ணன் முதல் பாதியைச் சொன்னார். நாங்கள் பிற்பாதியை ஆரம்பித்தோம், அமலா கொஞ்சம் பிந்தி ஆரம்பித்தாள். பாதியில் டீச்சர் கையைத் தூக்கி எங்களை நிறுத்தச் சொன்னார்.

நிறுத்தினோம்.

அமலா நிறுத்தவில்லை. தனியாகச் சொல்லி முடித்தாள். பிறகு, இன்பராஜ் அண்ணன் முதல் பாதி சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்துவிட்டு... மறுபடி பிற்பாதியை ஆரம்பித்தாள். அண்ணன் வாயே திறக்கவில்லை.

"அமலா" என்றேன். இன்னொரு முறை கூப்பிட்டேன். அவள் பாட்டுக்கு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டார். திரும்பினாள். எங்கள் எல்லோருடைய வாயும் மூடியிருப்பதைப் பார்த்து அவள் முகம் சிறுத்துப்போயிற்று.

"தப்பாச் சொல்லிட்டனாம்மா?"

சுண்டல் அடிப்பிடித்த வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ஐந்து வயதில் அவள் காதில் சீழ் வடிந்தபோது எண்ணெய் காய்ச்சி ஊற்றி, நின்றுவிட்டது என்று விட்டுவிட்டோம். இத்தனை நாளும் எங்கள் வாயைப் பார்த்துத்தான் பிள்ளை ஜெபம் சொல்லியிருக்கிறாள். அது அவளுக்கே தெரியாது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஒரு காதுக்கு ஆபரேஷன், இன்னொன்றுக்கு மெஷின்.

அங்கே போய் வேறென்ன கற்றுக்கொண்டீர்கள் என்று பிறகொரு நாள் டீச்சரைக் கேட்டேன்.

"பின்னால நின்னு பேசிப் பாக்கணும்னு கத்துக்கிட்டேன். முன்னால நின்னா பிள்ளைக நம்ம வாயப் பாத்தே சமாளிச்சிருதுக."

அந்த அமெரிக்கப் பள்ளியில் வருடம் ஒரு தடவை ஓர் அம்மா வராந்தாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் நின்று, ஒரு காதைப் பொத்தி, மறு காதில் கிசுகிசுத்துப் பார்ப்பாராம். அவ்வளவுதான். அதை டீச்சர் இங்கே கொண்டுவந்தார். இரண்டாம் சனிக்கிழமைதோறும் கோயில் ஹாலில். எரியோட்டிலிருந்துகூட பஸ் ஏறிப் பிள்ளைகள் வந்தார்கள். டீச்சர் பின்னால் நிற்பார், பிள்ளை திரும்பிவிடாமல் நான் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்வேன். மனப்பாடமான ஜெபமோ பாட்டோ கூடவே கூடாது. பூட்டு, ஏழு, கத்தரிக்காய்... இப்படிச் சம்பந்தமில்லாத சொற்கள்தான். அந்தச் சட்டம் என் வீட்டில் பிறந்தது.

அந்தத் திட்டத்தில் வெளிநாடு போய் வந்தவர்கள் வருடம் ஒரு முறை சென்னையில் கூடுவார்கள். ஒருவர் ஆய்வுக்கூடம் கட்டினேன் என்பாராம், இன்னொருவர் புத்தகம் எழுதினேன் என்பாராம். நம் டீச்சர், "சனிக்கிழமை காது பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாராம்.

அமலா இப்போது திருச்சியில் வேலையில் இருக்கிறாள். வீடியோ காலில் சேர்ந்து ஜெபமாலை சொல்கிறோம். "லைட்டுக்கு நேரா உக்காருங்கம்மா, வாய் தெரியல" என்கிறாள். அன்று கேட்கத் தெரியாமல் அடி வாங்கியவள், இன்று கேட்டு வாங்கிக்கொள்கிறாள். நானும் உடனே நகர்ந்து உட்காருகிறேன்.

இப்போதெல்லாம் பள்ளிக்கே டாக்டர்கள் வருகிறார்கள். இனி நாம் எதற்கு என்று நானும் நினைத்ததுண்டு. போன மாதம் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டி வந்தார். "பாட்டெல்லாம் சரியாப் பாடுதுங்க டீச்சர். அடந்தானுங்க" என்றார்.

என் குரலையே கேட்டது போல இருந்தது... அந்தப் பிள்ளைக்கு வலது காதில் ஒன்றுமே விழவில்லை.

டீச்சருக்கு முழங்கால் முடியவில்லை. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போகிறார். இனிப் பின்னால் நிற்பது நான். முன்னால் உட்கார ஆள் இல்லை. செசிலி அக்கா ஆண்டவரிடம் போய்விட்டார்கள். இன்பராஜ் அண்ணன் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

ரோஸ்லின், பாக்கியம்... அமலா எங்களைத் திரும்பிப் பார்த்ததை நீங்கள் இருவரும் பார்த்தீர்கள். இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. உங்களில் ஒருவர் போதும். முடியும், முடியாது, எதுவானாலும் வருகிற புதன்கிழமைக்குள் எனக்குப் பதில் போடுங்கள்.